சமமான ரோட்டுல மட்டும்

எழுந்திருக்காதம்மா, உக்காரு. டீயக் குடி முதல்ல. அரைக் கப்பு ஊத்திருக்கேன்னு தப்பா எடுத்துக்காத. இந்த வீட்ல இப்பல்லாம் அதான் பழக்கம். குடிச்சிட்டு இன்னொரு அரை ஊத்திக்கலாம், ஃபிளாஸ்க் நிறைய இருக்கு.

ஃபோர்க்தான், உன் சைக்கிள் ஃபோர்க்தான். அதப் பத்திப் பேசத்தானே வரச் சொன்னேன். நல்லா இருக்கா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்கண்ணே, நான் கிளம்பறேன்னு நீ செருப்பக்கூடக் கழட்டாம நின்ன. எனக்குத் தெரியாதா? சாயங்காலம் சைக்கிள் கடைக்காரர் உனக்கு ஃபோன் பண்ணுவார். கை என்ன சொல்லிச்சுன்னு கேப்பார். கை சரின்னு சொன்னா கடைல முன்னாடி வெக்கறேன், இல்லன்னா உன் ஷெட்லயே தொங்கட்டும்னு உன்கிட்ட சொன்னத என்கிட்டயும் சொல்லிட்டார். வேலைய விட்டுட்டு இந்த ஒரு சாமானப் பிடிச்சிட்டு நிக்கற. உன் வீட்டுக்காரர் உன்ன இரும்புக்கு வாக்கப்பட்டவன்னு கிண்டல் பண்றார்னு நீதானே சொன்ன. எல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்லாம அனுப்ப மாட்டேன். ஆனா நேரா அதுல போய் இறங்க முடியலம்மா. கொஞ்சம் சுத்தித்தான் வரணும். பொறுத்துக்கோ.

என்ன பாக்கற, பெல்லா? ஆமா, நீ ஆசையா மாட்டி அனுப்பின பித்தள பெல்தான். கழட்டி வெச்சிருக்கேன். அந்த அலமாரில ரேடியோ பக்கத்துல இருக்கு பாரு. சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு. அதையும் சொல்றேன், அப்புறமா.

கையா? கைய ஏன் பாக்கெட்லயே வெச்சிருக்கீங்கன்னு என் பொண்டாட்டியும் கேட்டுட்டா. இத்தன வயசாச்சே, கொஞ்சம் பெரிய மனுஷன் மாதிரி நிக்கலாமேன்னுதான்னு சொன்னேன். பெரிய மனுஷன் பாக்கெட்ல வேற ஏதாவது இருக்கும்னா. அவ வாய் அப்படி.

கைன்னு எனக்குப் பேரு வெச்சது நெட்டையன். ஞாயித்துக்கிழமை நம்ம சைக்கிள் கூட்டத்துல சீட்ட ஆகாசத்துக்கு ஏத்திட்டு வருவானே, அவன். நான் அவன நெட்டையன்னேன், அவன் என்னக் கைன்னான். கணக்கு சரியாப் போச்சு. பொழப்பும் அப்படித்தானேம்மா. லிஃப்ட் பாக்கற வேலை. உள்ள ஏறி நின்னு, இந்த வலது உள்ளங்கைய சுவத்துல வெச்சிட்டு மேல போவேன். எந்த இடத்துல உதறுது, எந்த பேரிங் முனகுதுன்னு கைக்குத் தெரியும். பெரிய வித்தையெல்லாம் இல்ல. மீட்டரும் அதையேதான் சொல்லும். நான் கொஞ்சம் முன்னாடி சொல்லுவேன், அவ்ளோதான். அந்தக் கைய சைக்கிளுக்கும் கொண்டு வந்தேன். புதுசா எவனாவது ஒரு சக்கரம், ஒரு சீட்டு, ஒரு ஃபோர்க் வாங்கினா, கைகிட்ட குடுத்துப் பாருன்னு ஆயிடுச்சு. நானும் மறுத்தது இல்ல. ஒருத்தன் நம்ம வார்த்தைக்காகக் காத்துட்டு நிக்கறது இருக்கு பாரு, அது ஒரு ருசி. உண்மையச் சொல்லணும்னா, சைக்கிள் ஓட்டறத விட எனக்கு அதான் பிடிச்சிருந்துச்சோன்னு இப்பல்லாம் தோணுது.

சரி, ஃபோர்க்.

ஜல்லி ரோட்டுக்குன்னு செஞ்ச இந்த கிராவல் சைக்கிளுக்கு ஃபோர்க்குல ஸ்ப்ரிங்கே வேணாம்னு ஒரு கோஷ்டி இருக்கு. நெட்டையன்தான் தலைவர். தார் ரோட்லயும் பறக்கணும், கல்லுலயும் போகணும்னு செஞ்ச வண்டி இது, ஏற்கெனவே ரெண்டுங்கெட்டான், இதுக்கு ஸ்ப்ரிங் வேற போட்டா மழைக்கோட்டு மாட்டிட்டு நீச்சலடிக்கற மாதிரிங்கறான். அவன் பேச்சுல ஒரு ஞாயம் இருக்கு. கனம் ஏறும், பார்க்க அசிங்கமா இருக்கும். ஆனா குவாரிப் பாதைல ஒரு மணி நேரம் போயிட்டு வந்தா அவனாலயே தண்ணி பாட்டில் மூடியத் திறக்க முடியாது. என்கிட்டதான் நீட்டுவான். நான் திறந்து குடுப்பேன். அப்ப திறந்து குடுப்பேன்.

ஒண்ணுமில்ல, சொல்ல வந்தது மறந்துடுச்சு. ஆங். எல்லாரும் போடறது குழாய்க்குள்ள குழாய் போற ஃபோர்க். அதுல எனக்கு என்ன குறைன்னா, சின்னக் கல்லுக்கெல்லாம் அது மதிச்சே அசையாது. உள்ள ரப்பர் சீல் இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கும். பெரிய அடி விழுந்தாத்தான் ஐயா கண்ணத் திறப்பார். பிரேக் பிடிச்சா மூக்குக் குத்த உக்காருவார். மலைல இறங்கறவனுக்கு அது சரி. ஜல்லில நமக்குப் பெரிய அடியா விழுது? ஆயிரம் சின்ன அடி. ஆயிரம் சின்ன அடிக்குத்தான் யாரும் ஒண்ணும் செய்யல. அதனாலதான் இந்த மாதிரி கோக்குமாக்கான ஃபோர்க்கெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஊரே ஒரு பக்கமாப் போகும்போது ஒருத்தர் மட்டும் இந்தப் பக்கம் வந்து நிக்கறார்னா, அவருக்கு ஏதோ தோணிருக்குன்னு அர்த்தம். உன் மாதிரி.

ஒத்தைக்கால் ஃபோர்க் ஒண்ணு ஓட்டினேன். சக்கரத்துக்கு ஒரு பக்கம்தான் கால், இன்னொரு பக்கம் வெறும் காத்து. முதல் நாள் பூரா சக்கரம் இருக்கா, ஓடிடுச்சான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டே போனேன். பள்ளத்துல விழுந்தேன். ரோட்டப் பாக்காம சக்கரத்தப் பாத்தா விழாம என்ன பண்ணுவான்? ஃபோர்க் மேல தப்பே இல்ல, கல்லு மாதிரி உறுதி. கண்ணுதான் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. கண்ணு ஒத்துக்காதத கை ஒத்துக்க நாளாகும்மா.

அப்புறம் ஹேண்டில் கழுத்துக்குள்ள ஸ்ப்ரிங் வெச்சது. சக்கரமும் ஃபோர்க்கும் அடி வாங்கிட்டே இருக்கும், ஹேண்டில்பாருக்கு மட்டும் மெத்தை. அது முதலாளித்தனம்னு நான் சொன்னேன். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சாங்க. அத வாங்கின ஆள் அதுக்கப்புறம் அந்த வண்டிய எடுத்துட்டே வரல. ரப்பர் கட்டை வெச்சது ஒண்ணு வந்துச்சு. குளிர்ல கட்டை கட்டையாவே இருக்கும், வெயில் ஏறினா கொழகொழன்னு ஆயிடும். காலைல ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம், எங்க மேனேஜர் மாதிரி. அதையும் சொன்னேன். எதக் கேட்டாலும் என்கிட்ட ஒண்ணு தயாரா இருக்கும்.

வெட்டுக்கிளிக்கால்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கீல் மேல கீல் வெச்சு, முட்டி மடக்கின மாதிரி முன்னாடி துருத்திட்டு நிக்குமே, அது. பாத்த உடனே பிள்ளைங்க சிரிக்கும். அதுக்காகவே பாதி வாங்கினேன். சின்னக் கல்லுக்கும் மடங்கும், பிரேக் பிடிச்சா குனியாது. கீல் பின்னத் துடைச்சு எண்ணெய் விட்டுட்டே இருக்கணும், அவ்ளோதான். ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டினேன். அப்புறம் வித்துட்டேன்.

ஏன்னா? அதாம்மா. சமமான ரோட்ல லேசா ஒரு நடுக்கம் வந்துச்சு. பின்னு தேஞ்சிருக்கும்னு எல்லாப் பின்னையும் மாத்தினேன். போகல. வாங்கினவர் இன்னிக்கும் ஓட்டறார். எதிர்ல பாத்தா நிறுத்தி, நடுங்குதான்னு கேப்பேன். எது நடுங்குதாங்கன்னு அவர் என்னக் கேப்பார். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு நிப்போம். கை இல்லாத ஆளு, இவருக்கு எங்க தெரியப் போகுதுன்னு மனசுக்குள்ள நினைச்சிட்டு வந்துடுவேன்.

அதுக்கப்புறம்தான் நீ வந்த. கடைக்காரர் உன்னக் கூட்டிட்டு வந்து, இவங்க ட்ராக்டர் சீட்டு செய்யற கம்பெனில இருந்தவங்க, ஒரு ஃபோர்க் செஞ்சிருக்காங்கன்னார். நான் பாத்தேன். சீட்டுக்கு அடில வளைஞ்ச பட்டை இருக்குமே, அதையே மெல்லிசா அடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, ரெண்டு பக்கமும் மாட்டிருக்க. குழாய் இல்ல, எண்ணெய் இல்ல, சீல் இல்ல. சிரிப்பு வந்துச்சு, ஒத்துக்கறேன். கேலியா சிரிக்கல. இது ஏன் இத்தன நாளா யாருக்கும் தோணலன்னு ஒரு சிரிப்பு. நீ என்ன நினைச்சன்னு தெரியல, முகம் சுருங்கிடுச்சு.

முதல் நாள் குவாரிப் பாதைக்கு எடுத்துட்டுப் போனேன். லாரி போய்ப் போய் அலை அலையா ஆயிருக்குமே, அந்தப் பாதை. பல்லெல்லாம் கடகடன்னு ஆடும் அங்க. ஹேண்டில இறுக்கிப் பிடிச்சிட்டு இறங்கினேன். கீழ சக்கரம் குதிக்குது, பட்டை வளையுது நிமிருது, மேல என் கை அப்படியே நிக்குதும்மா. தூங்கற குழந்தை முதுகுல கை வெச்சிருப்போமே, அப்படி. எவ்வளவோ நாளா என் கை அந்த மாதிரி சும்மா இருந்ததே இல்ல. கீழ இறங்கி நின்னு, மறுபடி மேல ஏறிப் போய், மறுபடி இறங்கினேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. கண்ணுல தண்ணி வந்துச்சு, தூசின்னு நினைச்சேன்.

அப்புறம் திரும்பி வரும்போது வாய்க்கால் ஓரம் புதுசாத் தார் போட்ட ரோடு இருக்கே, கண்ணாடி மாதிரி, அதுல ஏறினேன். கைய லேசா வெச்சிட்டு, காத்து வாங்கிட்டு வந்தேன். வந்துடுச்சு. அதே நடுக்கம்.

அன்னிக்கு ராத்திரியே உனக்கு ஃபோன் போட்டேன். கல்லுல பிரமாதம், சமமான ரோட்ல மட்டும் நடுங்குது, அதுவும் வலது பக்கம்தான்னேன். நீ என்ன கேட்ட? பெரிய அடிய வாங்கிக்கற பட்டை, சும்மா இருக்கும்போது எப்படிண்ணே நடுங்கும்னு கேட்ட. எவ்வளவு நல்ல கேள்வி! அத அன்னிக்கே உக்காந்து நான் யோசிச்சிருந்தா உனக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சம். யோசிக்கல. கை சொல்லுது, நான் என்ன பண்ணட்டும்னேன்.

நீயும் நம்பிட்ட. பட்டை ஸ்ப்ரிங் சில சமயம் தனக்குத்தானே பாடும்னு உனக்குத் தெரியும், அதனால நம்பிட்ட. பட்டைக்கு நடுவுல ரப்பர் வெச்சிட்டு வந்த. ஓட்டினேன், நடுங்குதுன்னேன். பட்டைய மாட்டற இடத்துல இருக்கற புஷ்ஷ மாத்திட்டு வந்த. நடுங்குதுன்னேன். கடைசில வலது பக்கப் பட்டை முழுசையும் புதுசா அடிச்சு எடுத்துட்டு வந்த. கை பூரா சூட்டுக் கொப்புளம், துணி சுத்திட்டு வந்தியே. அந்தத் துணியப் பாத்துட்டே, இப்பவும் இருக்கும்மான்னு சொன்னேன். இடது பக்கம் எப்படிண்ணேன்னு மட்டும் கேட்ட. இடது பக்கம் துளிகூட இல்லன்னேன். அளந்து பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாண்ணே இருக்குன்னு தரையப் பாத்து சொன்ன. நான் அளவ நம்பல. கைய நம்பினேன்.

திட்டணும்னா திட்டிடும்மா. இப்பவே திட்டு. இன்னும் கொஞ்ச நேரம் ஆனா திட்ட மாட்ட.

சரி விடு. இதக் கேளு, வேடிக்கையா இருக்கும். மாடி மாடியா ஆபீஸ் இருக்கற ஒரு கட்டடம், அங்க லிஃப்ட் பாக்கப் போனேன். கைய வெச்சேன். ஐயையோ, மேல மோட்டர் உதறுதேன்னேன். நிறுத்துன்னேன். அத்தன பேரும் படியேறிப் போனாங்க, என்னப் பாத்து முறைச்சிட்டே. மோட்டர இறக்கிப் பிரிச்சோம். உள்ள ஒண்ணும் இல்ல, பளிங்கு மாதிரி இருக்கு. கூட இருந்தவர், சார், நேத்து சரியாத் தூங்கலயான்னார். சிரிச்சேன். நல்லா வாய்விட்டு சிரிச்சேன். மறுபடி மாட்டிட்டு, சாப்பிடாமயே வீட்டுக்கு வந்துட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை நெட்டையன ஏமாத்தினேன். உன் வண்டி ரொம்ப லேசா இருக்கும் போலயே, குடு பாக்கலாம், நீ இத ஓட்டுன்னு மாத்திக்கிட்டேன். ஸ்ப்ரிங்குன்னாலே மூஞ்சத் திருப்பறவன் அவன். குவாரி, வாய்க்கால் ஓரம், கண்ணாடி ரோடு, எல்லாம் ஓட்டினான். வந்து இறங்கினான். மூஞ்சே சரியில்ல. என்னடான்னேன். இது ஒண்ணு எனக்கும் செஞ்சு தரச் சொல்லு, ஆனா நான் கேட்டேன்னு கூட்டத்துல சொல்லாதன்னான். சமமான ரோட்ல எப்படி இருந்துச்சுன்னேன். வெண்ணெய் மாதிரி இருந்துச்சுன்னான். வலது பக்கம்? வலதும் வெண்ணெய், இடதும் வெண்ணெய், ஏண்டா, உனக்கு என்ன ஆச்சுன்னான். சும்மா உன்னச் சோதிச்சேன்டான்னேன்.

சிரிக்கிறியா? சிரி. அவன் சொன்னது உனக்கு சந்தோஷம்தான். எனக்கும் சந்தோஷம்தாம்மா.

இல்ல, இரு, கிளம்பாத. ஃபோன அப்புறம் பாரு. ஒரு காரியம் பண்ணு. அந்த பெல்ல எடுத்துட்டு வா. ரேடியோ பக்கத்துல. அதான். அந்த ஸ்டாண்டுல நிக்கற வண்டில மாட்டு. பழைய இடத்துலயே, வலது பக்கம். ஸ்க்ரூவ நீயே முறுக்கிடும்மா, அவ்வளவு சின்ன ஸ்க்ரூ எனக்கு இப்ப ஆகாது. ம். போதும். ஸ்டாண்ட நல்லா பாத்துக்கோ, ரெண்டு சக்கரமும் தரையத் தொடல இல்ல? ஆட்டிப் பாரு. அசையுதா? அசையல. சரி, நகந்துக்கோ.

இப்ப நான் கைய வெக்கறேன். அழுத்தல, சும்மா, ரோட்ல போகும்போது வெக்கற மாதிரி லேசாத்தான் வெச்சிருக்கேன்.

கேக்குதா?

இன்னும் கிட்ட வா. பெல்லோட அந்தச் சின்ன நாக்கப் பாரு. தட்டுது பாரு, தானா. கிணி கிணி கிணின்னு. வண்டி நிக்குதும்மா. ரோடே இல்ல. இப்ப இடது கைய வெக்கறேன் பாரு. ஒண்ணும் இல்ல. மறுபடி வலது. வந்துடுச்சா? இதான். இத்தன நாளா உன் ஃபோர்க்குல நான் தேடினது இதத்தான். வெட்டுக்கிளிக்கால்ல தேடினதும் இதத்தான். லிஃப்ட் மோட்டருக்குள்ள தேடினதும் இதத்தான்.

ஒரு நாள் சாயங்காலம் இங்கதான் நின்னேன். புஷ்ஷ சரி பாக்கலாம்னு வண்டிய ஸ்டாண்டுல ஏத்திட்டு, வேற ஏதோ யோசனைல ஹேண்டில் மேல கைய வெச்சிட்டு நின்னுட்டேன். என் பொண்டாட்டி உள்ள துணி மடிச்சிட்டிருந்தா. யாரு வாசல்ல, பெல்லடிக்கறாங்க பாருங்கன்னா. வாசல்ல யாரும் இல்ல. யாருமில்லன்னு சொல்லிட்டு வந்து மறுபடி கைய வெச்சேன். மறுபடி அடிச்சுது. பாருங்கன்னு சொல்றேன்லன்னு கத்தறா உள்ள இருந்து. ரொம்ப நேரம் எடுத்து எடுத்து வெச்சுப் பாத்தேன். அப்புறம்தான் பெல்லக் கழட்டினேன்.

டாக்டர்கிட்ட போயிட்டேன். போகாம இருப்பேனா? வட்டத்துக்குள்ள வட்டமா, நத்தை ஓடு மாதிரி வரையச் சொன்னார். நான் வரைஞ்சதப் பாத்தா நத்தையே வெளிய வந்துடும். நடக்கச் சொன்னார், விரலத் தட்டச் சொன்னார். வேலை குடுத்தா இந்தக் கை அடங்கிடும், சும்மா விட்டா ஆடும், இந்த நோயோட குணமே அதான்னார். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. கல்லுல இறுக்கிப் பிடிப்பேன், அடங்கிடும். சமமான ரோட்ல லேசா விடுவேன், ஆடும். டாக்டர் வேற என்னென்னவோ பேசிட்டிருக்கார். நான் உள்ளுக்குள்ள, அட, அந்தப் பொண்ணோட புஷ் நல்லாத்தான்டா இருந்துச்சுன்னு நினைச்சிட்டு உக்காந்திருக்கேன். எப்படிப்பட்ட மனுஷன் பாரு.

பேரா? பேரு ஒண்ணு சொன்னார். இன்னும் வாய்விட்டு நான் சொல்லிப் பாக்கல. சாகற நோயில்லையாம். கூடவே இருக்குமாம். மெல்ல மெல்ல மத்த இடத்துக்கும் போகுமாம்.

எனக்கு ஒண்ணுதாம்மா மனச அரிக்குது. இது எப்ப ஆரம்பிச்சுது? டாக்டருக்கே சொல்லத் தெரியல, ரொம்ப முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிருக்கும்னார். அப்படின்னா நான் இத்தன பேருக்கு இத்தன அபிப்பிராயம் சொன்னேனே, அதுல எது என் கை சொன்னது, எது இது சொன்னது? அந்த ரப்பர் கட்டைக்காரர், அந்தக் கழுத்து ஸ்ப்ரிங்காரர். அவங்க சாமான்லாம் நிஜமாவே மட்டமா, இல்ல அன்னிக்கே இது பேச ஆரம்பிச்சிடுச்சா? ராஜா மாதிரி உக்காந்து தீர்ப்பு சொல்லிட்டிருந்தேன். யாரு என் வாய்ல இருந்து பேசினாங்கன்னே தெரியல.

அழாதம்மா. நீ எதுக்கு அழற? உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. உன் ஃபோர்க் நல்லா இருக்கு. நான் ஓட்டினதுலயே நல்லது. ஆனா என் வார்த்தைய வெச்சிட்டுக் கடைக்காரர்கிட்ட போகாத. நெட்டையனத்தான் பேசச் சொல்லிருக்கேன், சாயங்காலம் கடைக்குப் போவான். கூட்டத்துல சொல்லாதன்னு சொன்னியே, கடைல சொல்லலாம் இல்லன்னு கேட்டேன். கெட்ட வார்த்தைல திட்டிட்டு சரின்னான். ஸ்ப்ரிங்கே வேணாம்னு சொன்னவன் வாய்ல இருந்து வந்தா அதுக்குத்தான் மதிப்பு. அந்த ரப்பரையும் எடுத்துடு. அது முதல்ல இருந்தே வேணாம். எனக்காகத்தானே வெச்ச.

என் பொண்டாட்டிக்கா? இன்னும் சொல்லல. மருந்துக்கடைலதானே வேலை பாக்கறா. மாத்திரை அட்டையப் பாத்தாலே எதுக்குன்னு சொல்லிடுவா. அதனால ஊருக்கு அந்தப் பக்கம் போய் வேற கடைல வாங்கி, சைக்கிள் டியூப் டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். அவ அந்த டப்பாவத் தொட மாட்டா, கிரீஸ் ஒட்டும்னு. நல்ல வேஷம், இல்ல? இந்த மாத்திரைய வாங்க வர்றவங்களப் பத்தி அவ என்கிட்ட சொல்லிருக்கா. சட்டை பட்டன் போட முடியலன்னு ஒருத்தர் வந்து நின்னாராம். இவளே கவுண்டர விட்டு வெளிய வந்து போட்டு விட்டாளாம். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னா. பாவம்னா. அந்தப் பாவத்த என் மேல அவ வெக்கறத என்னால பாக்க முடியாதும்மா. என்ன இத்தன வருஷமா வாய்க்கு வாய் பேசியே வெச்சிருக்கா. பாவம் பாத்து அவ வாய மூடிட்டான்னா இந்த வீட்ல என்ன இருக்கு?

இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு ஓடுது. அரைக் கப்பப் பத்திக் கேட்டா. சக்கரையக் குறைக்கறேன்னேன். பாக்கெட்டப் பத்திக் கேட்டா, பெரிய மனுஷன்னேன். அடுத்து என்ன கேப்பாளோன்னு பதில் தயார் பண்ணிட்டே படுக்கறேன்.

இரு. கேட் சத்தம். வந்துட்டா. இன்னிக்கு சீக்கிரம்.

முகத்தத் துடைச்சுக்கோ. கைய எடுக்கணும்தான், ஆனா கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்மா. உன் ஃபோர்க் மேல இருந்தாத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

என்ன பண்ற? பெல்லயா மூடற? உன் கை இன்னும் முழுசா ஆறல போலயே, கொப்புளத்துத் தழும்பு அப்படியே இருக்கு.

வேணாம்மா. எடு. மூடாத. அடிக்கட்டும்.

யாரு பெல்லடிக்கறதுன்னு கேட்டுட்டேதான் உள்ள வருவா. நான்தான்னு சொல்லிடறேன்.